மூலையில் மினுங்கும் பெட்டி

கைப்பேசிக்குப் பூட்டு இடுகிறோம். கடவுச்சொல்லை எவரிடமும் கூறுவதில்லை. ஆயினும், வீட்டின் மூலையில் இரவும் பகலும் விளக்குகள் மினுங்க இயங்கும் இணைய மோடத்தை நாம் ஒரு கணினியாக எண்ணுவதே இல்லை. அதுவும் கணினிதான்.

பிரேசில் நாட்டு மக்கள் இதனைப் பெரும் விலை கொடுத்து அறிந்தனர். சில வகை மோடங்களில் இருந்த மென்பொருள் குறையின் வழியே, 2011-ஆம் ஆண்டு முதல் கயவர்கள் தொலைவிலிருந்தே உள்ளே நுழைந்தனர். 2012-இல் பாதிக்கப்பட்டிருந்தவை ஏறத்தாழ 45 இலட்சம் மோடங்கள். அவர்கள் மாற்றியது முக்கியமாக ஓர் அமைப்பைத்தான்: நாம் தட்டச்சு செய்யும் இணைய முகவரிக்குரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ். தொலைபேசி விவரப் புத்தகத்தில் வங்கியின் பெயருக்கு எதிரே திருடனின் எண்ணை அச்சிட்டு வைத்தது போன்றது இது. வாடிக்கையாளர் முகவரியைப் பிழையின்றித் தட்டச்சு செய்தார். திறந்ததோ போலிப் பக்கம். கணினியை எத்தனை முறை சோதித்தென்ன, குற்றம் அதில் இல்லையே!

வங்கித் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்று இவ்வகை ஏமாற்றைப் பெரிதும் கடினமாக்கியுள்ளது. உலாவி காட்டும் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் 'தொடர்க' என்று அழுத்துபவருக்கு அக்காப்பு இல்லை.

2016-இல் பரவிய 'மிராய்' நச்சுநிரலுக்கு இத்தனை நுட்பமும் தேவைப்படவில்லை. உற்பத்தியாளர் இட்டு அனுப்பிய பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளுள் 60-க்குச் சற்று மேற்பட்டவற்றை முயன்றே அது இலட்சக்கணக்கான கேமராக்களையும் மோடங்களையும் கைப்பற்றியது. கருவியை அணைத்து இயக்கினால் நிரல் அழியும். பழைய கடவுச்சொல்லே நீடித்தால் சில நிமிடங்களில் திரும்பி வரும்.

நம்மில் பலர் வைஃபை கடவுச்சொல்லை மாற்றியதோடு நின்றுவிடுகிறோம். மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. அதையும் மாற்ற வேண்டும். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்திவிடலாம். கேமராவையும் தொலைக்காட்சியையும் விருந்தினர் வைஃபையில் இணைப்பது நன்று. மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன கருவியை, நன்றாகவே இயங்கினாலும், மாற்றுவதே முறை என்பது நம் கருத்து.

பணம் பறிபோனால் வங்கிக்கும் 1930 உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் அறிவுறுத்தியது. கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு எனில், தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது.