கண்ணாடிப் பெட்டியிலிருந்து தெமோதரை வரை



மலைநாட்டுப் புகையிரதப் பாதை முடிவடையும் இடம் எங்கள் பதுளை. 1864ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு அது வந்து சேர்ந்ததோ 1924இல்தான். முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அமைந்த அப்பாதையில் மண் வெட்டியும் கல் சுமந்தும் உழைத்தவருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம்மவர் பலர். இரயிலின் ஓசையைக் கேளாது வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் மிகச் சிலரே. ஆயினும், அவ்வண்டி மலையில் எவ்வாறு ஏறுகின்றது, பாதை ஏன் அப்படி வளைகின்றது என்று கேட்டால் விடை கூறவல்லவரும் சிலரே. அச்சிலரில் நானும் ஒருவனல்லன் என்பதை அண்மையில் ஒரு சிறு மாதிரி வண்டி எனக்கு உணர்த்திற்று.

யப்பானில் தொழில் புரியும் எமது பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, இரண்டு சிறிய புகையிரதப் பெட்டிகளையும், அவற்றை ஓட்டுவதற்கான மோட்டர் பொருந்திய அடித்தளம் ஒன்றையும், சில தண்டவாளத் துண்டுகளையும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றையும் பாடசாலைக்கு அன்பளித்தார். பெட்டிகளின் அழகைக் கண்டு, அவற்றை அலுவலகக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். நான் கலைப்பட்டதாரி, அழகிய பொருளுக்கு அலுமாரியே தக்க இடம் என்பது என் எண்ணம்.

இவ்வகை மாதிரிகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இரு தண்டவாளங்களுக்கிடையே ஒன்பது மில்லிமீற்றர் அகலமுள்ளவை இவை. ஒன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டே இதனை ‘என்’ அளவு என்பர். யப்பானில் காட்டோ என்னும் நிறுவனம் 1965இல் இவ்வளவில் நீராவி எந்திரமொன்றை வெளியிட்டது. யப்பானிய மாதிரிகள் பெரும்பாலும் உண்மை வண்டியின் நூற்றைம்பதில் ஒரு பங்கு. இருபது மீற்றர் நீளமுள்ள பெட்டி இங்கே பதின்மூன்று சென்ரிமீற்றர்; ஒரு சாணுக்குங் குறைவு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யப்பானின் பழைய பாதைகளின் அகலம் 1067 மில்லிமீற்றர். அதனை நூற்றைம்பதால் வகுத்தால் ஏழு மில்லிமீற்றரே வரும். எங்கள் பாதையோ 1676 மில்லிமீற்றர் அகலமானது. வகுத்தால் பதினொன்று வரும். எனவே இந்த ஒன்பது மில்லிமீற்றர் தண்டவாளம் யப்பானுக்குச் சற்று அகலம். எமக்குச் சற்று ஒடுக்கம். மாதிரி என்பது உண்மையோடு செய்துகொண்ட ஓர் உடன்பாடு என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

2005ஆம் ஆண்டு தொடக்கம் டொமிடெக் என்னும் நிறுவனம் சேகரிப்பாளருக்கென மலிவான பெட்டிகளை விற்று வருகின்றது. இவை பார்வைக்கு மட்டுமே உரியவை, மோட்டர் கிடையாது, சக்கரங்களும் பிளாஸ்டிக். உள்ளிருப்பது எவ்வண்டி எனத் தெரியாதபடி மூடி விற்கப்பட்டனவும் உண்டு. அடுக்கி வைத்து மகிழ்வார் ஒருசாரார். மோட்டர் அடித்தளத்தைத் தனியே வாங்கிப் பொருத்தி ஓடவிட்டு மகிழ்வார் மற்றொரு சாரார். நான் என்னையறியாமலே முதற் சாராரைச் சேர்ந்துவிட்டேன்.

என்னை இரண்டாஞ் சாராரிடம் இழுத்துச் சென்றவன் தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன். வரவுப் பதிவில் இடைவெளிகள் மிகுந்தவன். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்புவதென வீட்டார் தீர்மானித்திருந்தனர். அலுமாரியைப் பார்த்து நின்ற அவன், “சேர், இது ஓடாதா?” என்று கேட்டான். அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. அலுமாரியைத் திறந்தேன்.

முறை எளிதே. மேற்கூட்டை மெல்ல விரித்துக் கழற்ற வேண்டும். பழைய அடித்தளத்தை நீக்கி, அதே நீளமுள்ள மோட்டர் அடித்தளத்தைப் பொருத்த வேண்டும். மற்றப் பெட்டிக்கு உலோகச் சக்கரங்கள் இட்டால் இலகுவாக உருளும். மின்சாரம் ஒரு தண்டவாளத்தின் வழியே வந்து, உலோகச் சக்கரத்தால் மோட்டரை அடைந்து, மற்றத் தண்டவாளத்தின் வழியே திரும்புகின்றது. அது பன்னிரண்டு வோல்ற்று நேரோட்டம். இரு முனைகளையும் மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும்.

மாணவர் கூடி நிற்க, கருவியின் செருகியை ஓர் இணைப்பியில் மாட்டி, சுவரிலிருந்த மின்குதையில் நானே செருகினேன். “சேர், இதில நூறு வோல்ற்று எண்டு போட்டிருக்கு!” என்று அவன் கூறி முடிக்குமுன் கருகிய நாற்றம் எழுந்தது. யப்பானிய வீடுகளின் மின்சாரம் நூறு வோல்ற்று. நம்முடையது இருநூற்று முப்பது. எழுத்தை வாசித்தவன் மாணவன், வாசியாதவன் அதிபர். அன்று நான் வெட்கமுற்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர், இந்நாட்டு மின்சாரத்துக்கேற்ற பன்னிரண்டு வோல்ற்று மாற்றியொன்றும் வேகக் கட்டுப்படுத்தியொன்றும் கடையில் வாங்கினோம். சுவர் மின்சாரத்தை ஆசிரியர் மட்டுமே தொடுவது என்றும் விதித்தோம்.

வண்டி ஓடிற்று. உடனே பிள்ளைகள் தெமோதரையைக் கேட்டனர். நேயர்கள் அறிவார்கள்: எல்லவிலிருந்து இறங்கிவரும் பாதை, தெமோதரை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி, அந்நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே பதுளை நோக்கிச் செல்கின்றது. கங்காணியொருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும் கணக்கு உறுதியானது. மலைப்பாதையின் மிகக் கடிய சாய்வு நாற்பத்து நான்கில் ஒன்று. அதாவது நாற்பத்து நான்கு அடி சென்றால் ஓரடி உயர்வு. குறுகிய இடத்தில் உயரம் வேண்டுமெனில் பாதையின் நீளத்தைக் கூட்டவேண்டும், அதற்கே அச்சுற்று.

பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை இணைத்து, இருபத்தெட்டு சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டம் ஒன்றை அமைத்தோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 176 சென்ரிமீற்றர். நாற்பத்து நான்கில் ஒன்று எனின், ஒரு சுற்றில் நான்கு சென்ரிமீற்றரே ஏறும். வண்டியின் உயரம் மட்டும் இரண்டே முக்கால். மேற்பலகையும் தண்டவாளமும் எஞ்சியதை விழுங்கிவிட்டன. சுரங்கத்தில் வண்டி முட்டி நின்றது. கரும்பலகையில் கணக்கிட்டு, முப்பதில் ஒன்று வேண்டும் என்று கண்டவன் அம்மாணவனே. உயரம் ஆறு சென்ரிமீற்றரை அண்மித்தது. ஆனால் இப்போது சக்கரங்கள் வழுக்கின. மோட்டர் பெட்டியினுள்ளே தூண்டிலுக்கான ஈயக் குண்டுகளை வைத்துப் பாரங் கூட்டினோம், தண்டவாளத்தைத் துடைத்தோம். வண்டி எமது ‘பதுளை’யிலிருந்து புறப்பட்டு, சுரங்கத்தினுட் புகுந்து, வட்டமிட்டு, ‘தெமோதரை’ நிலையத்தின்மேல் வந்து நின்றது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகு அவன் கூறினான்: “எங்கட தாத்தா இந்த லைனிலதான் வேலை செய்தவர் சேர். ஏன் சுத்திப் போகுதெண்டு அவர் ஒருநாளும் சொல்லேல்ல. அவருக்கும் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்.”

நேயர்களே, அச்சொல் இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது. பாதைக்கு உழைத்தவரிடம் அதன் காரணத்தை எவரும் கூறவில்லை. அவர் பேரனுக்குரிய பாடத்தையோ நான் அலுமாரியில் இட்டுப் பூட்டி வைத்திருந்தேன். அவன் கொழும்புக் கடைக்குச் செல்வானா, உயர்தரம் கற்பானா என்பது இன்னும் முடிவாகவில்லை. அவன் தந்தையாரோடு இருமுறை பேசியுள்ளேன். ஆனால் சனிக்கிழமைகளில் அவன் தவறாது வருகின்றான்.

உங்கள் பாடசாலையிலும் அலுமாரியில் உறங்கும் பொருள் ஏதேனும் இருக்கக்கூடும். அதனைப் பிள்ளைகளின் கையிற் கொடுங்கள். ஆனால் மின்சாரத்தில் மாட்டுமுன், அதில் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.