பிறர் துயரும் நம் உணர்வும்: மலையகத்தை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

பிறர் துன்பத்தைக் கண்டும் கேட்டும் உள்ளம் அசையாதிருத்தல் தனிமனிதரின் குணக்குறைபாடாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றது. கல்நெஞ்சர், ஈரமற்றவர் முதலாய வழக்குகள் இந்நோக்கின் வெளிப்பாடுகளே. ஆயின், ஒரே மனிதர் ஒரு துயருக்குக் கண்ணீர் விடுவதையும் மற்றொன்றைப் பொருட்படுத்தாது கடந்து செல்வதையும் அன்றாடம் காண்கின்றோம். அவரது நெஞ்சம் இடையில் மாறிவிடவில்லை. எனவே, இவ்வேறுபாட்டின் காரணத்தை நெஞ்சத்துக்கு வெளியே, சமூக உறவுகளில் தேடுதல் வேண்டும்.

தூரமே காரணம் என்பது பழைய விடை. 1759ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த, ஒழுக்க உணர்ச்சிகள் பற்றிய தமது நூலில் அடம் ஸ்மித் ஓர் உதாரணம் காட்டுகின்றார். சீனதேசம் முழுவதும் பூமியதிர்ச்சியில் அழிந்தாலும் ஐரோப்பியர் ஒருவர் சிறிது வருந்திவிட்டு நிம்மதியாக உறங்குவார். நாளை தமது சுண்டுவிரலை இழக்க நேருமென்று அறிந்தாலோ அவருக்கு உறக்கம் வாராது. மனித இயல்பை இத்துணை நுட்பமாகக் கண்ட ஸ்மித், அந்த ஐரோப்பியரின் மேசையில் இருந்த தேயிலை எங்கிருந்து வந்ததென்று அவ்விடத்திற் கேட்கவில்லை.

தூரம் மட்டுமே காரணமாயின் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பிறந்திருக்க முடியாது. பீஜித்தீவைப் பாரதி கண்டவரல்லர். ஆயினும், ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த கிளர்ச்சி அத்தீவின் பெண்களது துயரை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது. உணர்வு பயணஞ் செய்வதற்கும் ஒரு பாதை வேண்டும். அப்பாதையை அமைத்தது இயக்கமே.

மறுதலையாக, அண்மை உணர்வைத் தரும் என்பதும் உறுதியன்று. இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலைமை குறித்து 1845இல் ஏங்கெல்ஸ் வெளியிட்ட நூலில் மஞ்செஸ்டர் நகரத் தெருக்களை விவரிக்கும் பகுதி ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நகர மையத்திலிருந்து புறநகருக்குச் செல்லும் பெருந்தெருக்களின் இருமருங்கும் கடைகள். அவற்றின் பின்னே தொழிலாளர் குடியிருப்புகள். செல்வர் நாள்தோறும் அவ்வழியே சென்றுவந்தும் அவற்றைக் காண நேர்வதில்லை. இவ்வமைப்பு முற்றிலும் தற்செயலானது என ஏங்கெல்ஸ் கருதவில்லை. நமது மலைநாட்டுப் புகையிரதப் பயணம் இதனினும் விசித்திரமானது. லயன்கள் மறைக்கப்படவில்லை, இயற்கைக் காட்சியின் ஓர் அங்கமாகவே கண்ணிற் படுகின்றன. 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பம் வாழ்கின்றது என்ற உண்மை பசுமையிலும் பனிமூட்டத்திலும் கரைந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினர் இத்தோட்டங்களை அறியாதவரல்லர். ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வர்த்தகராகவும் மலையகத்திற் பல்லாண்டு வாழ்ந்தோர் அவருட் பலர். 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல் அறியாமையிற் பிறந்ததன்று. அருகில் வாழ்ந்தோர் தம்மை உயர்த்திக்கொள்ள வேண்டியிருந்தமையாற் பிறந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அதனை எதிர்த்துச் செல்வநாயகம் முதலியோர் பிரிந்து சென்றமை உண்மையே. ஆனால், வடபுலத்து வீடுகளில் அது தம் வீட்டுத் துயராக உணரப்பட்டது என்று சொல்வதற்கில்லை. 1964இல் இரு அரசாங்கங்கள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டுக்கொண்டன. 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுவதற்காக விடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

1974 சனவரி 10ஆந் திகதி, யாழ்ப்பாணத்து உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்வில் உயிரிழந்தோர் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றனர். அது முற்றிலும் நியாயமானதே. ஆனால் அதே காலப்பகுதியில், 1973-74இல், உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களிற் பட்டினியால் மடிந்தோரும் தமிழ் பேசியவர்களே. அவர்களுக்கு நம் நினைவில் எந்தத் திகதியும் இல்லை. மொழிப்பற்று வர்க்க எல்லையிலும் சாதி எல்லையிலும் எவ்வாறு தயங்கி நின்றுவிடுகின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை.

இலக்கிய விமரிசனமும் இதற்குப் புறநடையன்று. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோரின் ஆக்கங்களை 'மண்வாசனை' என்ற ஒரு சொல்லாற் பாராட்டி அமைந்துவிடுவது நமது வழக்கமாயிற்று. இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையிற் கொழுந்தின் நிறை ஒரு பெண்ணின் மானப் பிரச்சினையாகின்றது. அக்கதையைப் படிக்கும் மாணவர் பெரும்பாலும் முதலிற் குறித்துக்கொள்வது அதிலுள்ள வட்டார வழக்குச் சொற்களையே.