தட்டு நறுக்கும் இயந்திரக் கத்தி: கூர் மட்டும் போதாது, எடையும் ஒத்திருக்க வேண்டும்

சேலம், நாமக்கல் சமவெளியில் மாடு வளர்க்கும் சிறு விவசாயிகளுக்குச் சோளத்தட்டே முக்கியமான உலர் தீவனம். புதுச்சத்திரம் வட்டாரத்தில் மானாவாரிச் சோளம் அறுத்துப் போர் போட்டுவிட்டால் கோடை முழுவதற்கும் அதை நம்பியே மாடுகள் வளர்கின்றன. கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கோ 4, கோ (பிஎன்) 5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகளையும் வரப்போரத்திலும் சிறு பாத்திகளிலும் வளர்க்கிறார்கள். இவற்றை முழுதாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதித்து வீணாக்கும். 2 அல்லது 3 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் தண்டும் தீனியாகும். இதனால் தட்டு நறுக்கும் இயந்திரம் இன்று பல தொழுவங்களில் இடம்பெற்றுள்ளது.

இயந்திரத்தை வாங்குவதில் காட்டும் அக்கறையைப் பலரும் அதன் கத்தியைப் பராமரிப்பதில் காட்டுவதில்லை. கத்தி மழுங்கியதும், கையில் பிடிக்கும் சாணை மிஷினைக் கொண்டு சக்கரத்தில் இருந்தபடியே தீட்டிவிடுகிறார்கள். கூர் வந்துவிடுகிறது. ஆனால் சில நாட்களில் இயந்திரம் ஆடத் தொடங்குகிறது, போல்ட் தளர்கிறது, பேரிங் தேய்கிறது. சாணை பிடிப்பது பாதி வேலைதான். கத்திகளின் எடையைச் சமப்படுத்துவது மறுபாதி.

மழுங்கிய கத்தியால் வரும் நட்டம்

கூரான கத்தி தட்டை வெட்டும். மழுங்கிய கத்தி அதை மடக்கி நசுக்கும். நறுக்கிய துண்டுகள் நார்நாராகத் தொங்குவதும், நீளமான இலைகள் வெட்டுப்படாமல் வெளியே வருவதும் கத்தி மழுங்கியதற்கு முதல் அடையாளங்கள். அடுத்து மோட்டார் திணறும். பெல்ட் வழுக்கிச் சூடாகும். மின்சாரச் செலவு கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கத்தி வெட்டாதபோது வாய்ப்பகுதியில் தட்டு அடைத்துக்கொள்ளும். அதைத் தள்ளிவிட ஆள் கையை உள்ளே நீட்டுவார். உருளைகள் தட்டோடு சேர்த்து விரல்களையும் இழுத்துவிடும். ஆகவே கத்தியைக் கூராக வைத்திருப்பது கைக்கும் பாதுகாப்பு.

எடைச் சமநிலை என்றால் என்ன?

பெரும்பாலான இயந்திரங்களில் ஒரு கனத்த சக்கரமும், அதன் ஆரக்கால்களில் போல்ட் போட்டுப் பொருத்திய 2 அல்லது 3 கத்திகளும் இருக்கும். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு கத்தியும் வெளிப்பக்கமாக இழுக்கும். எல்லாக் கத்திகளும் ஒரே எடையில் இருந்தால் இந்த இழுவிசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒரு கத்தி கனமாக இருந்தால் அந்தப் பக்கத்து இழுவிசை மிஞ்சி நிற்கும்.

உதாரணமாக, சக்கரத்தின் நடுவிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் இரு கத்திகளுக்கிடையே 50 கிராம் வித்தியாசம் இருப்பதாகக் கொள்வோம். சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால், மிஞ்சும் இழுவிசை சுமார் 5 கிலோ எடைக்குச் சமம். அது ஒவ்வொரு விநாடியும் 10 தடவை திசை சுற்றி பேரிங்கை இழுத்துக்கொண்டே இருக்கும். வேகம் 1200 சுற்றானால் இழுவிசை இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி 20 கிலோவைத் தொடும். வேகம் கூடக் கூட சிறு எடை வித்தியாசமும் பெரிய சேதம் விளைவிப்பதற்கு இதுவே காரணம்.

பட்டறையில் இருக்க வேண்டியவை

இந்த வேலைக்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. கீழ்க்கண்டவை இருந்தால் போதும்.

1. மேசையில் பொருத்திய மின் சாணை இயந்திரம். சக்கரக் கல் 150 அல்லது 200 மி.மீ. விட்டமும், நடுத்தரப் பரல் உள்ளதாகவும் இருப்பது நல்லது.

2. கத்தியை ஒரே சாய்வில் பிடித்து இடமும் வலமுமாக நகர்த்துவதற்கு ஒரு சட்டம். இதைப் பட்டறைக்காரரே இரும்புப் பட்டையில் செய்துவிடலாம்.

3. 1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு.

4. நடுத்துளை உள்ள கத்திகளைச் சரிபார்க்க ஒரு கூம்பு. மேல்நோக்கி நிற்கும் கூம்பின் மீது கத்தியின் துளையை அமர்த்தினால், கனமான பக்கம் தாழும்.

5. எண்ணெய்க்கல், தண்ணீர்ப் பாத்திரம், காந்தம், கண்ணாடி.

சாணைக்கல்லைப் பொருத்துமுன் அதை விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் இலேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் கணீரென ஒலிக்கும். மந்தமான ஒலி வந்தால் விரிசல் உள்ளது, அதைப் பயன்படுத்தலாகாது. கல்லுக்கும் கத்தியைத் தாங்கும் பீடத்துக்கும் இடைவெளி 3 மி.மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இயந்திரத்தை ஓடவிட்டபின் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கழற்றும் முறை

சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. பியூஸ் கட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெல்ட்டையும் கழற்றிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கத்தியிலும், அது இருந்த ஆரக்காலிலும் 1, 2, 3 எனக் குறியிட வேண்டும். எந்தக் கத்தி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே திரும்ப மாட்ட இது உதவும். போல்ட், வாஷர்களையும் அந்தந்தக் கத்தியுடன் தனித்தனியே கட்டி வைக்க வேண்டும்.

கத்தியைக் கழுவித் துடைத்து, போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் உள்ளதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட கத்தியை வெல்டிங் வைத்துப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து. வெல்டிங் சூட்டில் எஃகின் பதம் மாறிவிடும். சுற்றும்போது துண்டாகித் தெறிக்கும்.

சாணை பிடிக்கும் முறை

தட்டு நறுக்கும் கத்திக்கு ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் தட்டை. தட்டையான முகம் இயந்திரத்தின் நிலைத்தகட்டை உரசினாற்போல் செல்லும். ஆகவே சாய்வான முகத்தை மட்டுமே சாணை பிடிக்க வேண்டும். தட்டை முகத்தைத் தேய்த்தால் தகட்டுக்கும் கத்திக்கும் இடைவெளி விழுந்து, எவ்வளவு கூர் இருந்தாலும் தட்டு மடங்கும்.

புதுக் கத்தியில் இருந்த சாய்வையே பின்பற்றுவது சிறந்தது. 30 பாகைச் சாய்வு என்றால், சாய்முகத்தின் அகலம் கத்தியின் தடிமனைப் போல் இரு மடங்கு இருக்கும். 6 மி.மீ. தடிமனுக்கு 12 மி.மீ. அகலம் என்று அளவுகோலாலேயே சரிபார்க்கலாம். சாய்வை மிகவும் குறைத்தால் விளிம்பு மெலிந்து, தட்டின் கணுவில் பட்டுப் பல் விழும். சாய்வு மிகவும் கூடினால் வெட்டுவதற்கு அதிக விசை வேண்டியிருக்கும்.

கத்தியை அழுத்தாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் சூடேறும். விளிம்பில் நீல நிறம் படர்ந்தால் அங்கே பதம் போய்விட்டது என்று பொருள். அந்த இடம் விரைவில் மழுங்கும். இரண்டு மூன்று தடவை ஓட்டியதும் தண்ணீரில் தோய்த்து ஆறவிட வேண்டும்.

முதல் கத்திக்கு 12 தடவை ஓட்டினால் மற்றவற்றுக்கும் 12 தடவையே ஓட்ட வேண்டும். ஒரு கத்தியில் பல் விழுந்து அதிகம் தேய்க்க வேண்டியிருந்தால், மற்றவற்றையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். கடைசியில் தட்டை முகத்தில் சுருண்டு நிற்கும் பிசிறை எண்ணெய்க்கல்லால் இலேசாக நீவி எடுத்துவிடலாம்.

எடை சரிபார்த்தல்

ஒவ்வொரு கத்தியையும் அதன் போல்ட், வாஷருடன் தராசில் நிறுக்க வேண்டும். வித்தியாசம் 5 கிராமுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் கனமான கத்தியின் முதுகுப்புறத்தில் சிறிது தேய்த்துக் குறைக்கலாம். வெட்டும் விளிம்பில் எடையைக் குறைக்க முயலக் கூடாது. ஒரு கத்தி மட்டும் உடைந்தால் அதை மட்டும் புதிதாக மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். தேய்ந்த கத்திக்கு எதிரே புதுக் கத்தியை மாட்டினால் சமநிலை கெடும். ஆதலால் கத்திகளைச் செட்டாகவே மாற்ற வேண்டும்.

தராசில் எடை ஒத்துவிட்டாலும் இன்னொரு சோதனை தேவை. நடுவிலிருந்து தொலைவில் உள்ள 10 கிராம், பாதித் தூரத்தில் உள்ள 20 கிராமுக்குச் சமம். ஒரு கத்தி வெளி முனையிலும் மற்றொன்று உள் முனையிலும் தேய்ந்திருந்தால் தராசு அதைக் காட்டாது. ஆகவே கத்திகளை மாட்டியபின், பெல்ட் இல்லாமல், உருளைகளை இயக்கும் பல்சக்கரத்தை விலக்கிவிட்டு, புல்லியைப் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். கத்திச் சக்கரத்தில் கை வைக்கக் கூடாது. சக்கரம் தானாக நின்றதும் கீழ்ப்பக்கத்தில் சாக்பீஸால் குறியிட வேண்டும். இவ்வாறு ஐந்தாறு தடவை செய்து பார்க்கவும். குறி வெவ்வேறு இடங்களில் நின்றால் சமநிலை சரி. ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கத்து நட்டின் அடியில் ஒரு வாஷர் சேர்த்துச் சரிசெய்யலாம். வாஷரைக் கத்திக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போடலாகாது.

சமநிலை சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லையானால், பேரிங் தேய்வையும், அடித்தளப் போல்ட்டுகளையும், சக்கரத்தின் கோணலையும் பார்க்க வேண்டும்.

பொருத்தி ஓட்டுதல்

கத்தி நிலைத்தகட்டில் உரசவும் கூடாது. விலகியும் இருக்கக் கூடாது. இதற்குப் பழைய செய்தித்தாளே சோதனைக் கருவி. ஒரு நீளத் தாளின் மறுகோடியைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் வாய்ப்பகுதியில் நுழைத்து, மற்றொருவர் புல்லியால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தாள் அகலம் முழுவதும் சுத்தமாக வெட்டுப்பட்டால் இடைவெளி சரி. ஓரிடத்தில் மடங்கினால் அங்கே சரிசெய்ய வேண்டும். நிலைத்தகட்டின் விளிம்பும் உருண்டு தேய்ந்திருந்தால், திருப்பிப் போடக்கூடிய தகட்டைத் திருப்பிப் போடலாம், அல்லது மாற்றலாம்.

மூடியைப் பொருத்தியபின் முதல் ஓட்டத்தின்போது சக்கரத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, பியூஸை எடுத்துவிட்டு, எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும்.

பிரஷ் கட்டர் உள்ளவர்களுக்கு

களை வெட்டும் பிரஷ் கட்டர் கத்திக்கும், நகரங்களில் புல்தரை வெட்டும் இயந்திரத்தின் கத்திக்கும் இதே விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். நிமிடத்துக்கு 7000 சுற்று வேகத்தில், நடுவிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் உள்ள வெறும் 10 கிராம் வித்தியாசம் சுமார் 55 கிலோ இழுவிசையை உண்டாக்கும். பிடித்திருப்பவரின் கை மரத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிய பிறகே கத்தியைத் தொட வேண்டும். பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் கத்தி நட்டு இடமரை கொண்டது. வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஒவ்வொரு பல்லையும் ஒரே அளவு தேய்த்து, கூம்பின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கமும் தாழாமல் நின்றால் சரி. தாழும் பக்கத்தில் முதுகைத் தேய்க்கலாம். வளைந்த கத்தியை நிமிர்த்திப் பயன்படுத்தலாகாது.

மாட்டின் வயிற்றில் இரும்பு

ஆடும் இயந்திரத்தில் தளர்ந்து விழும் நட்டும், கத்தியிலிருந்து உடையும் சில்லும் நேராகத் தீவனத்தில் விழுகின்றன. மாடு எதையும் பொறுக்கித் தின்பதில்லை. நாவால் சுழற்றி விழுங்கிவிடும். கூரான இரும்பு இரண்டாம் இரைப்பையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து முன்னேறினால் நெஞ்சறையில் இதயத்தைச் சென்றடையும். திடீரெனத் தீனியும் பாலும் குறைதல், முதுகை வளைத்து நிற்றல், சரிவில் இறங்கத் தயங்குதல், அலைதாடியில் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். அறிகுறி கண்டால் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்பகுதியினருக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் அருகிலேயே உள்ளது.

வருமுன் காக்க, சாணை பிடித்த இடத்தையும் இயந்திரத்தின் உட்புறத்தையும் துணியால் துடைத்து, காந்தத்தால் தடவி எடுக்க வேண்டும். சாணை பிடித்தபின் முதலில் வெட்டிய ஒரு கூடைத் தட்டை மாட்டுக்குப் போடாமல் எருக்குழியில் போட்டுவிடலாம். நட்டு ஒன்று காணாமற்போனால் அது கிடைக்கும்வரை அன்றைய தீவனத்தைப் போடலாகாது.

கூட்டாகச் செய்தால் செலவு குறையும்

ஒரு வீட்டுக்கு ஒரு சாணை இயந்திரமும் தராசும் கூம்பும் கட்டுப்படியாகாது. ஆனால் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ ஒரு செட்டு வாங்கி, பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஒப்படைத்துக் கத்திக்கு இவ்வளவு எனக் கூலி நிர்ணயித்தால் அனைவருக்கும் பயன்படும். உறுப்பினர் ஒவ்வொருவரும் இரண்டு செட்டு கத்தி வைத்துக்கொண்டால், ஒன்று பட்டறையில் இருக்கும்போது மற்றொன்று தொழுவத்தில் ஓடும். கத்தியின் எடையையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவந்தால் எந்தச் செட்டை எப்போது மாற்றுவது என்பதும் தெரிந்துவிடும்.

சாணை பிடித்த கத்தியைத் திரும்ப வாங்கும்போது விளிம்பை மட்டும் பார்க்காமல், ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குவதை உழவர் பெருமக்கள் வழக்கமாக்கிக்கொண்டால் இயந்திரமும் மாடும் கையும் காப்பாற்றப்படும்.