கயிறு சேர்க்காததை உப்புமா சேர்த்தது!

போன வருஷம் என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியில், "எல்லோரும் ஒற்றுமையாக வேலை செய்யப் பழக வேண்டும்" என்று ஊழியர்களைக் குடும்பத்தோடு இரண்டு நாள் ஏலகிரிக்கு அழைத்துப் போனார்கள். மொத்தம் நாற்பது பேர்.

எங்கள் வீட்டில் சந்தோஷத்தைவிடப் புகைச்சல்தான் அதிகம். காரணம், அங்கே ஸ்டோர்ஸ் பார்ப்பவர். அவர் காலையில் நேரத்துக்கு வருவதில்லை, சாமான் எடுத்துத் தர ஆளில்லாமல் மெஷின் நிற்கிறது என்று இவர் மேலிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"அந்த மனுஷன் முகத்துல இரண்டு நாள் முழிக்கணுமா?" என்று கிளம்பும்போதே அலுத்துக்கொண்டார். நானும் சும்மா இருந்தேனா? "நேரத்துக்கு எழுந்திருக்கத் தெரியாதவருக்கு எதுக்குங்க உத்தியோகம்?" என்று ஒத்து ஊதினேன்.

ஏலகிரி, திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுமார் 1,100 மீட்டர் உயரம். மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஒவ்வொரு பெயராகக் கத்திப் படித்துக்கொண்டே வந்தார்கள்.

முதல் நாள் சொற்பொழிவு, புங்கனூர் ஏரியில் படகு சவாரி, சாயங்காலம் கயிறு இழுக்கும் போட்டி. இவரும் ஸ்டோர்ஸ்காரரும் ஒரே கட்சி. இரண்டு பேரும் பெயருக்குக் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். கட்சி தோற்றது!

கல்லூரியில் படிக்கும் என் மகள் சிரித்தாள். "இது பழைய கதைம்மா. ரிங்கல்மன்னு ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் 1913-லேயே எழுதியிருக்கார். கயிறு இழுக்க ஆள் கூடக்கூட, ஆளுக்கு ஆள் போடற பலம் குறைஞ்சுடுமாம்."

மறுநாள் காலை, சமையல்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை என்று செய்தி. சாமான்கள் எல்லாம் இருந்தன. பெண்கள் வழக்கம்போல் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தோம். ஊழியர் ஒருவரின் வயதான தாயார் தடுத்துவிட்டார். "உட்காருங்கடி! ஒத்துமை கத்துக்க வந்தது அவங்கதானே? அவங்களே செய்யட்டும்."

பெரியம்மாவே வேலையைப் பிரித்தார். நாலு பேருக்கு வெங்காயம், இரண்டு பேருக்குத் தேங்காய்ச் சட்னி, ஒருவருக்குக் காப்பி. உப்புமா வாணலியில் இவரும் ஸ்டோர்ஸ்காரரும்!

தாளித்துவிட்டு இவர் திருதிருவென்று விழித்தார். "தண்ணி எவ்வளவு?"

"ஒரு படி ரவைக்கு இரண்டரைப் படி சார். கொதி வந்ததும் நான் தூவறேன், நீங்க கிளறுங்க. கட்டி தட்டாது."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாச்சு சார். என் சம்சாரம் விடிகாலை ஷிப்டுக்குப் போயிடுவா. நான்தான் சமைச்சு, அம்மாவுக்கு ஊட்டிட்டு வரேன். இப்ப தங்கச்சி வந்திருக்கா, அதான் இங்கே வர முடிஞ்சுது."

இவர் கை நின்றுவிட்டது. "ஏன் சொல்லலை?"

"யாரும் கேட்கலையே சார். கிளறுங்க, அடி பிடிக்கும்."

பக்கத்தில் நின்ற எனக்குச் சுருக்கென்றது. காரணம் தெரியாமல் நான் பேசிய பேச்சு என்ன!

வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தோம். அந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில். திரும்பி வந்ததும் இவரே மேலிடத்தில் பேசினார். இப்போது அவர் அரை மணி தாமதமாக வந்து, அரை மணி கூட இருந்துவிட்டுப் போகிறார். காலையில் உதவியாளர் ஸ்டோர்ஸைத் திறக்கிறார். மெஷின் நிற்பதில்லை.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்து 2015-ல் எழுதியிருக்கிறார்களாம். சேர்ந்து சாப்பிடும் வீரர்கள், வேலையிலும் நன்றாகச் சேர்ந்து இயங்குகிறார்களாம். நம் பெரியம்மா எந்த ஆராய்ச்சியும் படிக்கவில்லை!

சகோதரிகளே, வீடும் ஒரு கம்பெனிதானே? ஏலகிரியில் கற்றதை நான் வீட்டில் இப்படிக் கடைப்பிடிக்கிறேன்:

* "யாராவது தண்ணீர் பிடித்து வையுங்களேன்" என்றால் யாரும் அசைவதில்லை. பெயர் சொல்லி, ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துவிட்டேன்.

* கொடுத்த வேலையில் குறுக்கிடுவதில்லை. மகன் மடித்த துணி கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன?

* ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக. டி.வி.யும் கைபேசியும் அந்த நேரத்தில் கிடையாது.

* ஒருவர் வேலையில் பின்தங்கினால், திட்டுவதற்கு முன்னால் "என்ன கஷ்டம்?" என்று ஒரு வார்த்தை கேட்கிறேன்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதப் பகையைத் தீர்த்தது அந்த ஒரு கேள்விதானே?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உப்புமா இப்போது இவர் பொறுப்பு. கட்டி தட்டுவதே இல்லை!