பதிவேட்டின் பிழை காணும் நடைத்தாள்

மழைமானியில் அளந்த 2.4 மில்லிமீட்டர், பதிவேட்டில் ஏறும்போது 24 ஆகிவிடுவதுண்டு. காகிதப் பதிவேடாயின் மேற்பார்வையாளரின் கண் அதைப் பிடித்துவிடக்கூடும். கணிப்பொறிக்குச் செல்லும் பதிவில் அக்கண்ணின் வேலையை விதிகளே செய்தாக வேண்டும். இல்லையேல் பிழை ஆண்டுச் சராசரியிலும் கலந்து, பின்னர் எவராலும் பிரித்தெடுக்க இயலாததாகிவிடும்.

இத்தகைய பதிவுகளை எழுத உதவும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமுறை 1998ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இதில் ஒவ்வொரு விவரமும் தன் பெயர் பொறித்த உறையினுள் அடங்கியிருக்கும். நிலையத்துக்குள் மாதம், மாதத்துக்குள் நாள், நாளுக்குள் மழையளவு என்று உறைக்குள் உறையாக அமையும். உறைகள் முறைப்படி உள்ளனவா, எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறதா என்பவற்றை இலக்கணத் திட்டம் ஒன்று சோதித்துவிடும். ஆனால் நாள்தோறும் பெய்த மழையைக் கூட்டினால் மாத மொத்தம் வருகிறதா என்பதை வழக்கமான இலக்கணத் திட்டம் கேட்பதில்லை. இலக்கணம் வழுவாத வாக்கியமெல்லாம் உண்மையான வாக்கியம் அன்று என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

இக்குறையைத் தீர்க்க உதவியது, வேறொரு வேலைக்காகப் பிறந்த மொழி. ஓர் ஆவணத்தை மற்றொரு வடிவத்துக்கு மாற்றும் நடைத்தாள்களை எழுதுவதற்கென எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற மொழி 1999இல் வெளியாயிற்று. ஆவணத்தின் எப்பகுதியையும் தேடிச் சென்று எண்ணவும் கூட்டவும் ஒப்பிடவும் அதனால் இயலும். இவ்வாற்றலைச் சோதனைக்குத் திருப்பியவர் ரிக் ஜெல்லிஃப் என்பவர். தைபேயிலுள்ள அகாடமியா சினிகாவில் அவர் 1999இல் வகுத்த ஸ்கீமட்ரான் என்னும் முறை, 2006இல் சர்வதேசத் தரமாயிற்று. விதிகள் எழுதிய தாளை முதலில் ஒரு நடைத்தாள் படித்து, இரண்டாவது நடைத்தாளொன்றை ஆக்கித் தருகிறது. அவ்விரண்டாவது தாள் பதிவின்மீது இயங்கும்போது கிடைப்பது அழகிய பக்கமன்று; பிழைப் பட்டியலாகும்.

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்த நாளே மழைநாள். ஆகவே, 'மழைநாள் எண்ணிக்கை, 2.5க்குக் குறையாத நாள்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருத்தல் வேண்டும்' என்பது ஒரு விதி. மேற்கூறிய 24, பதிவாளர் தனியே எண்ணி எழுதிய தொகையுடன் பொருந்தாமல் இங்கே அகப்பட்டுவிடும். விதியோடு சேர்த்து, 'மழைநாள்களை மீண்டும் எண்ணுக' என்ற செய்தியையும் தமிழிலேயே எழுதி வைக்கலாம். இம்முறையின் பெருஞ்சிறப்பு இதுவே எனலாம். யந்திரத்தின் புரியாத முறையீட்டுக்குப் பதிலாக, தொழிலறிந்தவர் எழுதிய சொற்களே களப்பணியாளரை வந்தடைகின்றன.

விதியை எழுதுவதில் இருவகை உண்டு. 'அசர்ட்' என்பது இருக்க வேண்டிய நிலையைச் சொல்லி, அது பொய்க்கும்போது பேசும். 'ரிப்போர்ட்' என்பது குற்றத்தைச் சொல்லி, அது மெய்யாகும்போது பேசும். இரண்டும் ஒன்றே போலத் தோன்றும், ஒன்றல்ல. வெப்பமானி உடைந்தமையால் குறைந்த வெப்பநிலையின் இடம் காலியாக விடப்பட்டதென்று கொள்வோம். 'குறைந்தது உயர்ந்ததை மிஞ்சலாகாது' என்பதை அசர்ட்டாக எழுதியிருந்தால் அது குரல் கொடுக்கும். ரிப்போர்ட்டாக எழுதியிருந்தால், இல்லாத எண் எதையும் மிஞ்சுவதில்லையாதலால், வாளாவிருந்துவிடும்.

கூட்டலிலும் எச்சரிக்கை தேவை. கணிப்பொறி பின்னங்களை இரண்டடிமான முறையில் வைத்திருப்பதால், அதன் கணக்கில் 0.1உம் 0.2உம் சேர்ந்து சரியாக 0.3 ஆவதில்லை, நேரே ஒப்பிட்டால் குற்றமற்ற பதிவும் குற்றவாளியாகும். பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கிய பின்னரே ஒப்பிடுதல் நன்று. மேலும், ஒரே தொகுதியில் ஓர் உறைக்குப் பொருந்தும் விதிகள் இரண்டிருப்பின் முதலாவது மட்டுமே இயங்கும். மற்றது மௌனமாகக் கைவிடப்படும். இதனால், புதிய விதித்தாளை வழக்கில் விடுமுன், ஒவ்வொரு விதிக்கும் வேண்டுமென்றே பிழை புகுத்திய பதிவொன்றைக் கொடுத்து, அது வாய் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வர்.