கந்தக பூமியில் கறுப்புச் சக்கரம்: தெரியுமா உங்களுக்கு?

விருதுநகர். சித்திரை மாதம். மதியம் இரண்டு மணி. வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் தொட்டால் கை பொத்துப்போகும். தார் ரோடு அதைவிடச் சூடு! அந்த ரோட்டைத் தொட்டபடியே ஓடுபவை நான்கே நான்கு டயர்கள்தான். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் உங்கள் உள்ளங்கை அகலம்தான். நூறு குதிரை, இருநூறு குதிரை சக்தி என்று பீற்றிக்கொள்ளும் காரின் மொத்த உயிரும் அந்த நான்கு உள்ளங்கைகளில்!

அந்த மாதிரிப் பறக்கும் காரை வாங்கியவருக்கு ஒரு நாள் இந்தக் கேள்வி வரும்: சம்மர் டயரா, ஆல்-சீசன் டயரா? பதிலுக்கு முன் சில ஆச்சரியங்கள்!

பட்டாசுக்கும் டயருக்கும் பங்காளி உறவு!

கரிமருந்தின் பழைய கணக்கு தெரியுமா? வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. வெடியுப்பை மட்டும் தள்ளிவையுங்கள். மிச்சமுள்ள கரியும் கந்தகமும் உங்கள் டயருக்குள்ளும் இருக்கின்றன! வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் ரப்பரில் கந்தகம் கலந்து சூடேற்றியபோது அந்தக் குணம் மாறியது. ரப்பர் இழைகளுக்கு நடுவே கந்தகம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. சரவெடியைச் சிதறடிக்கிற அதே கந்தகம் டயரைக் கட்டிப்போடுகிறது!

பஞ்சர் கடைப் பலகையில் ஒரு கடவுள்!

ரப்பரில் கந்தகம் கலந்து சூடேற்றும் அந்த வேலைக்குத்தான் 'வல்கனைசிங்' என்று பெயர். வல்கன் யார்? ரோமானியர்களின் நெருப்புக் கடவுள்! சாத்தூர் ரோட்டில் பஞ்சர் ஒட்டக் காத்திருக்கும்போது அண்ணாந்து பாருங்கள். பட்டாசுச் சீமையில் நெருப்புக் கடவுளின் பெயர்ப் பலகை! குட்இயரோ கடனோடு 1860இல் இறந்துபோனார். அவர் பெயரில் டயர் கம்பெனி தொடங்கியது 1898இல். அவர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

டயரின் பிறவி நிறம் கறுப்பு அல்ல!

மிச்செலின் கம்பெனியின் பொம்மை மனிதன் ஏன் வெள்ளையாக இருக்கிறான்? அவன் பிறந்த 1898இல் டயர்களே வெளிர் நிறம்தான்! பிறகு புகைக்கரியைச் சேர்த்தார்கள். டயரின் ஆயுள் பல மடங்கு கூடியது, நிறமும் கறுத்தது.

பால்கோவா சொல்லும் ரகசியம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கடையில் வாங்கியதும் தொட்டால் நெகிழும். ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் கரண்டியே வளையும். சம்மர் டயரின் ரப்பரும் அப்படித்தான்! சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது விறைத்து, ரோட்டைப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கும். அதனால்தான் குளிர் நாடுகளில் இத்தனை வகை டயர்கள். விருதுநகரில் 7 டிகிரியா? மார்கழி விடிகாலையில்கூட அதற்கு வாய்ப்பில்லை!

ஒரே ரோடு, இரண்டு டயர்!

விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 எங்கே தொடங்குகிறது? ஸ்ரீநகரில்! அங்கே டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லாய் கலான்' என்னும் கடுங்குளிர். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும், தால் ஏரியின் ஓரமெல்லாம் உறையும். அதே நாளில், அதே ரோட்டின் தென்கோடியில் நாம் மின்விசிறி போட்டுத் தூங்குகிறோம்! அந்த முனையில் சம்மர் டயர் ஆபத்து. இந்த முனையில் ஆல்-சீசன் வீண்.

'ஆல்-சீசன்' என்றால் நம் பருவம் இல்லை!

எல்லாப் பருவத்துக்கும் என்கிறார்களே, வாங்கினால் நல்லதுதானே? அங்கேதான் பெயர் ஏமாற்றுகிறது! அந்த 'எல்லா'வில் முக்கியமானது லேசான பனி. குளிரிலும் இளகியே இருக்கும்படி ரப்பரைச் செய்கிறார்கள். பனியைக் கவ்வ, தரையைத் தொடும் பட்டன்களில் மயிரிழை போன்ற கீறல்கள் நிறையப் போடுகிறார்கள். நம் மதிய வெயிலில் தார் 60 டிகிரியைத் தொடும்போது அந்தக் கீறிய பட்டன்கள் நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும்! பால் வாங்கப் போகும் காருக்கு அது தெரியாது. வளைவில் பாய்ந்து, சட்டென்று பிரேக் பிடிக்கும் காருக்கு நன்றாகத் தெரியும்.

டயர் ஓரத்தில் 'எம் பிளஸ் எஸ்' என்று இருந்தால் சேறும் பனியும் என்று பொருள். சேறு என்றதும் நம் கரிசலை நினைக்காதீர்கள்! நனைந்த கரிசல் மண் எந்த டயரின் பள்ளத்தையும் அப்பி மூடிவிடும்.

சம்மர் டயர் மழைக்கும் ராஜா!

இதைத்தான் பலர் நம்ப மாட்டார்கள்! சம்மர் டயர் காய்ந்த ரோட்டுக்கு மட்டும் என்று நினைப்பு. அதன் அகலப் பள்ளங்கள் இருப்பதே தண்ணீரை வாரி வெளியே தள்ளத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நல்ல சம்மர் டயர் நின்று பிடிக்கும். எதிரி மொட்டை டயர்! தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு எழும்பி மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமானங்களை வைத்து நாசா கண்ட ஒரு கணக்கு உண்டு. 33 பிஎஸ்ஐ காற்றுள்ள மொட்டை டயருக்கு அதைப் போட்டால் வருவது மணிக்குச் சுமார் 96 கி.மீ.! நான்குவழிச் சாலையில் அது சாதாரண வேகம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டால் கதை முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

டயருக்கும் ஜாதகம் உண்டு!

டயர் ஓரத்தில் 225/45 ஆர்17 94ஒய் என்று இருக்கும். இது என்ன மந்திரம்? அகலம் 225 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது சுமார் 101 மி.மீ.; ரேடியல் டயர்; ரிம் 17 அங்குலம்; ஒரு டயர் தாங்குவது 670 கிலோ; தாங்கும் வேகம் மணிக்கு 300 கி.மீ.! அதே ஓரத்தில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம் பிறந்தது. வெயில் ரப்பரைச் சீக்கிரம் கிழடாக்கும். கடையில் வெகுநாள் கிடந்த 'புது' டயரை வாங்கிவிடாதீர்கள்!

டயருக்குள் இடிதாங்கி!

சிவகாசிப் பட்டாசு ஆலைக்குள் ஏன் பருத்தி உடை? நைலான் உரசினால் நிலைமின்சாரம், ஒரு பொறி போதும்! டயர்காரர்களுக்கும் அதே தலைவலி வந்தது. 1990களில் கரிக்குப் பதில் சிலிக்காவை நிறையச் சேர்த்தார்கள். ஈர ரோட்டில் பிடிமானம் கூடியது, ஆனால் காரில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்கவில்லை. தீர்வு? டயரின் மேற்பரப்பு வழியே மெல்லிய கரிக் கோடு ஒன்றை இறக்கிவிட்டார்கள்!

டயர் கொடுத்த நாலாவது இடம்!

2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். சாய்வான வளைவு ஒன்றை மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை என்று 14 கார்கள் தொடங்குமுன்பே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே கார்கள் ஓடின. ஒன்றில் நம் கோவை நரேன் கார்த்திகேயன்! நாலாவதாக வந்தார், 5 புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை!

சரி, எதை வாங்குவது?

கந்தக பூமியில் பன்னிரண்டு மாதமும் சம்மர் டயருக்கு ஏற்ற சீசன்தான். பறக்கும் காருக்குக் கண்ணை மூடிக்கொண்டு அதையே போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம் தேயும், விலையும் கூட. மார்கழி இரவில் கொடைக்கானலில் வண்டியைக் கிளப்பினால் முதல் சில கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். குளிர்காலக் காஷ்மீர் ஆசை இருந்தால் அதற்குத் தனி டயர் வேண்டும். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடும் முன்பே பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் 1 பிஎஸ்ஐ தானாகவே ஏறும்.

கடைசியாக ஒன்று! தீபாவளிக்கு முன், ஐப்பசி மழையில், சிவகாசியிலிருந்து பட்டாசு ஏற்றிக் கிளம்பும் லாரிக்கு வழிவிடும்போது யோசித்துப் பாருங்கள். மேலே வெடிக்கக் காத்திருக்கும் கந்தகம். கீழே வழுக்காமல் பிடித்துப்போகும் கந்தகம்!