தானாகத் திரும்பிய சாமி காணிக்கைச் சிலை!
"ஆவி வேலையா?" மியூசியத்தில் பரபரப்பு

இங்கிலாந்தில் மான்செஸ்டர் மியூசியத்தில் ஒரு எகிப்து கல் சிலை உண்டு. உயரம் 10 அங்குலம்தான். வயசு சுமார் 3,800! ஒசிரிஸ் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைத்த நெப்-செனு என்பவரின் சிலை இது.

2013-ம் ஆண்டு, பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் சிலை தானாகத் திரும்பியது! காமிரா வைத்துப் பார்த்தார்கள். பகலில் மெள்ளச் சுற்றியது. ராத்திரியில் கப்சிப்! "யாரு திருப்புறா? சாபமா?" என்று பேச்சு கிளம்பியது.

பிறகு ஒரு என்ஜினீயர் மர்மத்தை உடைத்தார். சிலையின் அடியில் லேசான புடைப்பு. வெளியே வண்டிகள், உள்ளே ஜன நடமாட்டம். அந்த அதிர்வில்தான் நகர்ந்தது. இரவில் சந்தடி இல்லை, சிலையும் அசையவில்லை.

முதுகில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ரொட்டி, பீர், மாடு, பறவை படைக்கச் சொல்லும் வேண்டுதல்! திரும்பி நின்று காட்டியதும் அந்த முதுகைத்தான். பாவம், பசியோ என்னமோ!